ஜெராக்ஸ் அக்கா

கோகிலவாணி அந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் நிம்மதியாக மோர் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள்.

ஈரோட்டில், காவிரிக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் அவளுக்கு வேலை. வைத்தியம் பார்ப்பது டாக்டர்கள். கருவிகளைப் பராமரிப்பது மாடியில் இருக்கும் பொறியாளர்கள். அந்தக் கருவிகளுக்குள் என்ன நடக்கிறது என்று மற்ற மனிதர்கள் பார்ப்பதற்கும் தொட்டு மாற்றுவதற்கும் ஒரு திரை வேண்டுமல்லவா? அந்தத் திரைகளை எழுதுவது வாணி. வயது முப்பத்திரண்டு. வேலையில் சுறுசுறுப்பு. வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. யாருக்காவது பட்டப்பெயர் வைக்க வேண்டுமென்றால் அலுவலகமே அவளைத்தான் தேடி வரும்.

அன்று திங்கட்கிழமை. ஆறாம் எண் அறையில் வையாபுரி தூங்கிக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை இருபத்தைந்து வருடம் ஊர் ஊராக ஓட்டி, பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்த மனிதர். ஒன்றரை வருடத்துக்கு முன் ராஜஸ்தானில் ஒரு துளைக்குழாய் நழுவி அவர் தலையில் அடித்தது. உயிர் பிழைத்தார். பழைய ஞாபகங்களுக்கும் சேதமில்லை. ஆனால் அன்று முதல் புதிதாக எதுவும் அவர் மூளையில் தங்கவில்லை. கண்ணயர்ந்து எழுந்தால் போதும், விபத்துக்குப் பிறகு நடந்த அத்தனையும் துடைத்த சிலேட்டாகிவிடும்.

அதற்காகத்தான் அவர் காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. அவர் விழித்திருக்கும் நேரத்தில் பார்த்தது, பேசியது, உணர்ந்தது எல்லாவற்றையும் அது சேர்த்துவைக்கும். அவர் தூங்கியதும் அதை ஒரு பொட்டலமாகக் கட்டி, மருத்துவமனையில் இருக்கும் ஒரு பட்டியலின் கடைசியில் கோத்துவிடும். அவர் விழிக்கும்போது அந்தப் பட்டியல் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக அவர் மூளைக்குள் ஓடும். இருபது நிமிடம். அது முடிந்ததும் வையாபுரி முழு வையாபுரியாக எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். நர்சுகள் அந்தப் பட்டியலை மாலை என்பார்கள். ஒருமுறை விழித்துத் தூங்குவதற்குள் நடந்தது ஒரு பூ. கேட்கப் பூக்கடை மாதிரி இருந்தாலும் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. அந்த மாலைதான் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை வையாபுரிக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். நாள் முழுக்கப் பிதற்றினார். அந்தப் பிதற்றலும் ஒரு பூவாகக் கோக்கப்பட்டுவிட்டது. திங்கள் காலை அது மூளைக்குள் ஓடியபோது அவருக்கு வலிப்பு வந்தது. டாக்டர் சம்பூர்ணம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ ஓடினா தாங்கமாட்டார். மத்தியானம் தூங்கும்போது காய்ச்சல் பூவ எடுத்துடு வாணி. அது ஒண்ண மட்டும்."

மாலையைத் தூக்கத்தில்தான் தொட முடியும். வையாபுரிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் குட்டித்தூக்கம், ரிக் வண்டிக் காலத்துப் பழக்கம். ஒன்றே முக்காலுக்கு வாணி கட்டிலருகே திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து முக்காலியில் வையாபுரியின் மனைவி ருக்குமணி. அந்த அம்மாளின் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை வாணி இந்த எட்டு மாதத்தில் பார்த்ததில்லை.

"அம்மிணி, காலீல நீ வர்லியே. இங்க ஒரு கூத்து நடந்துச்சு தெரியுமா?" என்று ருக்குமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "என்ற புள்ள வந்துட்டுப் போனா. மேகலா. ஒம்பது வருசங் கழிச்சு!"

மேகலாவின் கதை அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும். நிலத்தடி நீர் வாரியத்தில் அதிகாரி. ஆயிரம் அடிக்குக் கீழே துளை போடக்கூடாது என்று சட்டம் வந்த வருடம், திருச்செங்கோட்டில் முதன்முதலில் முத்திரை வைத்துப் பறிமுதல் செய்யப்பட்ட ரிக் வண்டி வையாபுரியுடையது. முத்திரை வைத்தது மகள். 'என்ற பொணத்தப் பாக்கக்கூட வரக்கூடாது' என்று நடுரோட்டில் சொல்லிவிட்டுப் போனவர் வையாபுரி. கையில் மிச்சமிருந்த இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு வடக்கே போனார். அப்புறம் பேச்சே இல்லை.

"நேத்துக் காச்சல்ல பூராவும் அவ பேரத்தான் சொல்லிக் கெடந்தாரு. எனக்கு மனசு கேக்கல, போன் போட்டுட்டேன். காலீல பத்து மணிக்கு அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி எடுத்துக்கிட்டு வந்து நிக்கறா. இவரு பாக்கறாரு, பாக்கறாரு, ஒரு வார்த்தயும் காணோம். சரி, வெரட்டப் போறாருன்னு நெனச்சேன். தட்ட வாங்கி ஒரு வாய் தின்னாரு. 'உப்புக் கம்மி'ன்னாரு." ருக்குமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஒம்பது வருசத்துல மொதப் பேச்சு அதுதான் அம்மிணி. உப்புக் கம்மி!"

வாணி சிரித்துக்கொண்டே காய்ச்சல் பூவைத் தேடிப் பிடித்தாள். கடைசிக்கு முந்தியது. அதற்குப் பின்னால் கடைசிப் பூ, இப்போதுதான் கோத்தது: 'திங்கள் முற்பகல், மேகலா வந்தாள்.'

"அப்பறம் அவரே கேட்டாரு, 'நம்மூருக் கெணத்துல தண்ணி நிக்குதாமா?'ன்னு. 'நிக்குதுப்பா, எம்பதடில நிக்குது'ன்னா. தட்டக் கீழ வெச்சாரு. 'அன்னைக்கு நீ வண்டிய நிறுத்துனியே, அதனாலதான். நல்லதுதான் பண்ணுனே சாமி'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. புள்ளைக்கி நன்றி சொல்ல அப்பனுக்கு ஒம்பது வருசம் ஆச்சு பாரு."

காதைக் கதைக்குக் கொடுத்துவிட்டு, விரலை வேலைக்குக் கொடுத்திருந்தாள் வாணி. 'எடு' பொத்தானை அழுத்தினாள். திரை அசையவில்லை. காய்ச்சல் பூ அதே இடத்தில் இருந்தது.

"இன்னும் இருக்குதே அம்மிணி?" என்றார் ருக்குமணி, எட்டிப் பார்த்து.

"திரைங்க சில சமயம் இப்படித்தாம்மா மக்கர் பண்ணும்" என்று வாணி மறுபடி அழுத்தினாள். அப்போதும் அசையவில்லை. எரிச்சலோடு திரையை முழுதாக மூடித் திறந்தாள்.

காய்ச்சல் பூ இல்லை. 'திங்கள் முற்பகல்' பூவும் இல்லை. மாலை சனிக்கிழமையோடு முடிந்திருந்தது.

நடந்தது என்ன என்று அவளுக்கு உடனே புரிந்தது. முதல் அழுத்திலேயே காய்ச்சல் பூ போய்விட்டது. கடைசிப் பூ ஓரிடம் முன்னால் நகர்ந்து, காய்ச்சல் பூ இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. திரைதான் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது அழுத்து, 'அந்த இடத்தில் இருப்பதை எடு' என்ற கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிவிட்டது.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. எடுப்பதற்கு முன்னால் மாலையை 'பழையது' என்று இன்னொரு பெயரில் வைத்துக்கொள்ளும்படிதான் அவள் எழுதியிருந்தாள். "பயப்படாதீங்கம்மா, பழையது பத்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்தாள்.

'பழையது' என்பதும் சனிக்கிழமையோடு முடிந்திருந்தது.

இந்த இடத்தில் நூர்ஜஹானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்வரை வாணிக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் நூர்ஜஹான். ஐந்து வயது மூத்தவள். மருத்துவமனைத் திரைகள் முக்கால்வாசி அவள் எழுதியவை. அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். எந்தப் பட்டியலையும் உள்ளே கைவிட்டு மாற்றக்கூடாது. ஒரு பூவை எடுக்க வேண்டுமென்றால், அந்தப் பூ இல்லாமல் புதிதாக ஒரு மாலை கட்டு. புதியதைத் திரைக்குக் கொடு. மூலத்தைத் தொடாதே. வாணி ஏதாவது குறுக்குவழி எழுதினால் தலையில் குட்டாத குறையாகக் கேட்பாள்: "ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு வச்சா ரெண்டு ஆளாயிடுவாங்களாடீ? அதே பட்டியலுக்கு இன்னொரு பேரு வச்சுட்டு நகல் எடுத்துட்டேங்கறியே!"

எதற்கெடுத்தாலும் நகல், நகல் என்று நின்றதால் வாணி அவளுக்கு ஜெராக்ஸ் அக்கா என்று பெயர் வைத்தாள். அலுவலகம் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. பிறகு வேறெங்கோ ஓர் ஊரில் ஒரு நோயாளியின் மாலையின் நகலைத் திருடி அவர் குடும்ப ரகசியத்தை எல்லாம் யாரோ தெரிந்துகொண்டார்கள் என்று செய்தி வந்தது. இங்கே நிர்வாகம் பயந்துபோய், ஒருவருக்கு ஒரே மாலை, நகல் கிடையாது என்று விதி போட்டது. இரண்டு மாலை கிடந்தால் எது ஆள் என்று யார் சொல்வது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். "எடுக்கறதுக்கு முன்னாடி நகல் வேணும், எடுத்து முடிச்சு சரிபார்த்த பிறகு அழிச்சுக்கலாம்" என்று நூர்ஜஹான் மூன்று மாதம் வாதாடினாள். யாரும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆம்பூருக்குப் போய்விட்டாள். அவளுடைய முறையை நீக்கி, நேரடியாக எடுக்கும் பொத்தானை அரை மணி நேரத்தில் எழுதிக்கொடுத்தது வாணி. அந்தப் பொத்தானை நிஜமான ஒரு மனிதருக்கு அழுத்தியது அன்றுதான் முதல் தடவை.

மணி இன்னும் இரண்டைக்கூட எட்டவில்லை. மூன்றுக்கு அவர் விழிப்பார்.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கருவிக் கோளாறு என்று சொன்னால் மாடியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ருக்குமணியின் முகத்தில் அந்தக் காலைச் சந்தோஷம் இன்னும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாணியால் பொய் சொல்ல முடியவில்லை.

"அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். காலைல நடந்ததும் சேந்து போயிடுச்சு. இப்ப முழிச்சார்னா... மேகலா வந்தது அவருக்குத் தெரியாது."

ருக்குமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எடுத்துச் சொன்னா நம்புவாராம்மா?"

"நானா? ஒம்பது வருசமா நாஞ் சொல்லித்தானே அவரு கேக்கல. மாலையில இல்லாதத ஆரு சொன்னாலும், ஞாபகமில்லாதவன்னு ஏமாத்தறீங்களான்னு சண்டைக்கி வருவாரு. அவ சாய்ந்தரம் திரும்பி வர்றேன்னு சொல்லீட்டுப் போயிருக்கறா அம்மிணி. வாசல்லயே வெரட்டீருவாரே. அப்பறம் அவ வரவே மாட்டா." ஆனாலும் அவர் திட்டவில்லை. வாணியின் கையைப் பிடித்து, "அழுவாத. இப்ப என்ன பண்ணோணும், அதப் பாரு கண்ணு" என்றார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தக் 'கண்ணு'தான் வாணியைக் கரைத்துவிட்டது. ஓடிப்போய் டாக்டர் சம்பூர்ணத்திடம் சொன்னாள். மருந்து கொடுத்துத் தூக்கத்தை நீட்டலாமா என்று கேட்டாள். தலையில் அடிபட்டவருக்கு, அதுவும் காலையில் வலிப்பு வந்தவருக்கு, முடியவே முடியாது என்றார் டாக்டர். மாடிப் பொறியாளர்கள் கையை விரித்தார்கள். விதிப்படி, எடுத்த பூ அப்போதே அழிக்கப்பட்டுவிடும்.

இனி ஒரே ஒரு ஆளைத்தான் கேட்க முடியும். இரண்டு வருடமாக ஒரு பெருநாள் வாழ்த்துகூட அனுப்பாத எண்ணை வாணி அழைத்தாள்.

"அக்கா... நான் வாணி."

மறுமுனையில் தையல் இயந்திரங்களின் சத்தம். நூர்ஜஹான் இப்போது ஒரு காலணித் தொழிற்சாலைக்குத் திரை எழுதுகிறாள் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. சத்தம் குறைந்தது. வெளியே வந்திருக்க வேண்டும்.

"சொல்லு வாணி. என்ன, அழறியா?"

வாணி ஒன்று விடாமல் சொன்னாள். பழையது என்று பெயர் வைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது. நூர்ஜஹான் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்வாள் என்று காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

"மொத தடவ அழுத்தினப்போ திரை மாறலியா?"

"மாறல."

"மாறாது. உள்ள எத்தன பூ இருக்குன்னு அது எண்ணிப் பாக்காது வாணி. எல்லாத்தயும் எண்ணிட்டிருந்தா திரை ஆமை மாதிரி நகரும். கைக்கு வந்தது புதுப் பட்டியலா, பழசேதானான்னு மட்டும் பாக்கும். நீ பழசையே உள்ளக் கைவிட்டு மாத்திட்டுத் திருப்பிக் குடுத்திருக்க. 'இது நான் பாத்ததுதானே'ன்னு அது பேசாம இருந்திருச்சு. திரை மாறலன்னா, வேலை நடக்கலன்னு அர்த்தமில்ல. யாரோ மூலத்தத் தொட்டுட்டாங்கன்னு அர்த்தம்." சட்டென்று குரலை உயர்த்தினாள். "இரு, இரு. குடும்பத் திரை இருக்கே, வீட்டுக்காரங்க போன்ல பாக்கறது, அத யாராவது மாத்தினீங்களா?"

"இல்லக்கா. நீங்க எழுதினபடியேதான் இருக்கு."

"அப்போ கேளு. வீட்டுக்காரங்க திறந்ததும் மொத்த மாலையும் நகலா அவங்க போனுக்கு எறங்கும். பேரு மட்டும் இல்ல, பூவுக்குள்ள இருக்கறதும் சேத்து. பேர மட்டும் நகலெடுத்தா உள்ள இருக்கறது அங்கேயேதான் கெடக்கும், அதுல அர்த்தமில்ல. ஆஸ்பத்திரில மாலை மாறிச்சுன்னா போனுக்குப் புதுசு தானா வரும். ஆனா நீ பண்ணினத ஆஸ்பத்திரி ஒரு மாற்றமாவே எடுத்துக்கல. உன் திரை ஏமாந்த மாதிரியே அதுவும் ஏமாந்திருக்கும். மத்தியானத்துக்கு மேல யாராவது அந்தத் திரையத் திறந்து, இன்னும் மூடாம வச்சிருந்தாங்கன்னா..."

வாணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே ருக்குமணியைப் பார்த்தாள். ருக்குமணியின் போன் பழைய ரகம். அதில் குடும்பத் திரை வராது. "மாமா, மச்சான் யாராவது பாப்பாங்களாம்மா?"

"நாங்க ரெண்டு பேருதானே. வேற ஆரு பாக்கறா?" என்றவர், சட்டென்று எழுந்தார். "மேகலா! காலீல நர்சம்மா அவ போன்ல என்னமோ போட்டுக் குடுத்தாங்களே!"

மேகலா திருச்செங்கோட்டுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள், பாதி வழியில், வெப்படை தாண்டி. நூர்ஜஹானின் அழைப்பையும் மேகலாவின் அழைப்பையும் வாணி ஒன்றாக இணைத்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலருந்து பேசறேன். உங்கப்பாவோட மாலை உங்க போன்ல திறந்திருக்கா?"

"அப்பாவுக்கு என்னாச்சுங்க?"

"நல்லாத்தான் தூங்கறார். திறந்திருக்கா சொல்லுங்க."

திருட்டில் பிடிபட்டவள்போல இருந்தது மேகலாவின் குரல். "திறந்துதானுங்க இருக்குது. பஸ் ஏறுனதுலருந்து மூடவே இல்ல. 'திங்கள் முற்பகல், மேகலா வந்தாள்'னு வந்திருக்குது. மூடுனாப் போயிருமோன்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனந்தான்."

வாணி சுவரில் சாய்ந்துகொண்டாள். ருக்குமணி கைகூப்பினார், யாரை நோக்கி என்று தெரியவில்லை.

"மூடாதீங்க" என்றாள் நூர்ஜஹான், நிதானமாக. "விரலால கீழ இழுக்காதீங்க, திரை புதுசாயிடும். வேற எதையும் தொடாதீங்க. சிக்னல் நல்லா இருக்கற எடத்துல எறங்கி நில்லுங்க."

மேகலா நடத்துநரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தி, ஒரு நூற்பாலை வாசலில் இறங்கி நின்றாள். கேள்வி கேட்கவில்லை. அதிகாரியாக இருந்து பழகியவள், அவசரம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அதைத் திருப்பி அனுப்பறதுக்கு ஒரு வழி எழுதி வச்சிருக்கேன். விதி வந்தப்போ ஆஸ்பத்திரில இருந்த என் வேலை எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். போன் பக்கம் இருக்கறத யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றாள் நூர்ஜஹான். "குடும்பத் திரை உள்ள போனா ஒரு கட்டளை இருக்கும் வாணி. அத ஓட்டு."

"அதோட பேரு என்னக்கா?"

நூர்ஜஹான் சிரித்த மாதிரி இருந்தது.

"நீ வச்ச பேருதான்."

வாணிக்கு முகம் சூடாகிவிட்டது. தட்டினாள், ஜெராக்ஸ் அக்கா என்று. கட்டளை இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது வெறும் அட்டத் தடுப்புடீ. உன் குரலுக்கு அது எந்த மூலை?" என்றாள் நூர்ஜஹான். "முதல்ல கோவமா இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன், மோசமான பேரு இல்லியே. சரி, வேலையப் பாரு. என்கிட்ட அப்பறம் அழுதுக்கலாம்."

பூக்கள் ஒவ்வொன்றாக வெப்படையிலிருந்து ஈரோட்டுக்கு வரத் தொடங்கின. எட்டு மாதத்து விழிப்புகள். கட்டிலில் வையாபுரி ஒருமுறை புரண்டு படுத்தார். வாணி, ருக்குமணி, கூடவே வந்து நின்ற டாக்டர், மூன்று பேரும் கட்டிலையே பார்த்தார்கள். அவர் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மறுபடி குறட்டை விட்டார். இவ்வளவு சந்தோஷத்தோடு ஒரு குறட்டையை வாணி அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டு ஐம்பதுக்குக் கடைசிப் பூவும் வந்து சேர்ந்தது. இனி இருந்தது விதி. நகலிலிருந்து மாலை கட்டக் கூடாது. வாணி டாக்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு மாலை இருந்தா எது ஆளுன்னு கேக்கறாங்க" என்றார் டாக்டர் சம்பூர்ணம், கண்ணாடியைத் துடைத்தபடி. "இருக்கற ஒண்ணும் பொய்யாப் போச்சுன்னா ஆளே ஏது? நான் கையெழுத்துப் போடறேன். விசாரணை வந்தா என்னைக் கேக்கட்டும்."

இந்த முறை வாணி அவசரப்படவில்லை. போனிலிருந்து வந்த மாலையை அப்படியே ஓரமாக வைத்தாள். அதில் கை வைக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து, காய்ச்சல் பூவை மட்டும் விட்டுவிட்டு, புதிதாக ஒன்று கட்டினாள். கட்டியதைத் திரைக்குக் கொடுத்தாள். ஒரே ஒரு முறைதான் அழுத்தினாள். திரை தானாகவே மாறியது. சனிக்கிழமைக்கு அடுத்து, 'திங்கள் முற்பகல், மேகலா வந்தாள்.'

மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு வையாபுரி கண் விழித்தார்.

இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது. அவர் கண்கள் திறந்திருக்கும், ஆனால் அறையைப் பார்க்காது. ருக்குமணி அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். மாலை ஓடி முடியப் போகும் நேரத்தில் வாசலில் மேகலா வந்து நின்றாள். எதிரே வந்த ஒரு சரக்கு வண்டியில் ஏறி வந்திருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு. கையில் காலையில் கொண்டுவந்த அதே தூக்குச்சட்டி, காலியாக. உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். வழியிலேயே ருக்குமணி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

வையாபுரியின் கண்கள் மெல்ல அறைக்குத் திரும்பின. மனைவியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாறையைத் துளைத்தவரின் முகம், அதிலிருந்து எதையும் எளிதில் எடுக்க முடியாது. வாணி திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நகலில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ? வலிப்பு வருமோ?

அவர் பார்வை மகளின் முகத்திலிருந்து தூக்குச்சட்டிக்கு இறங்கியது.

"மறுக்கா ஆக்கியாந்தியா?" என்றார். "இந்தவாட்டியாச்சும் உப்பு போட்டயா சாமி?"

மேகலா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "எதுக்கு அழுவுறா இவ? உப்புக் கம்மீன்னா கம்மீன்னுதானே சொல்லோணும்?" என்று வையாபுரி மனைவியிடம் நியாயம் கேட்டார். ருக்குமணி எழுந்து வந்து வாணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். தப்புச் செய்தவளுக்கு இப்படி ஒரு கூலியா என்று வாணிக்குக் கூச்சமாக இருந்தது. அதை வாங்கிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்கு அவள் நடந்ததை எல்லாம் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினாள். முதல் அழுத்து, இரண்டாம் அழுத்து, 'பழையது' என்று பெயர் மட்டும் வைத்த மடத்தனம், போனில் கிடைத்த நகல், எதையும் விடவில்லை. எடுப்பதற்கு முன் நகல் வேண்டும், சரிபார்த்த பிறகு அழிக்கலாம் என்ற பழைய வாதத்தையும் கடைசியில் சேர்த்தாள். அது யாருடைய வாதம் என்று முழுப்பெயரோடு எழுதினாள். வேலை போகலாம். போனாலும் போகட்டும் என்று இருந்தது.

பிறகு காவிரி தெரியும் ஜன்னல் பக்கம் வந்து நின்று போனை எடுத்தாள். நூர்ஜஹானுக்கு எழுத நிறைய இருந்தது. மன்னிப்பிலிருந்து ஆரம்பித்தாள், அழித்தாள். நன்றியிலிருந்து ஆரம்பித்தாள், அதையும் அழித்தாள். கடைசியில் மூன்றே வார்த்தை அனுப்பினாள்.

"உப்பு கேட்டுட்டார் அக்கா."

பதில் உடனே வரவில்லை. ஆம்பூரில் தொழுகை நேரமாக இருக்கலாம். ஆறாம் எண் அறையிலிருந்து வையாபுரி யாரிடமோ கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கால் மணி நேரம் கழித்து வாணியின் போன் சிணுங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ். பொண்ணோட போன்லருந்து வந்தத இன்னும் அழிக்கலியே? நாளைக்குக் காலைல ஒருதடவ ஓடி முடியட்டும், சரிபார்த்துட்டு அழி. அப்பறம் எனக்கு ஒரு போன் பண்ணு. வேலைக்காக இல்ல, சும்மா பண்ணு."